குத்தகைக்கு ரசீது தராத காரியக்காரர்: டெல்டா சாகுபடியாளர்கள் கவனத்திற்கு

நிலச் சொந்தக்காரர் சென்னையில், வசூலுக்கு உள்ளூரில் ஒரு காரியக்காரர். இந்த ஏற்பாட்டில் குத்தகைச் சாகுபடி செய்கிறவர்கள், கடைசியாக ரசீது வாங்கியது எப்போது என்று இன்றே தேடிப் பாருங்கள்.

திருவையாறு பக்கம் ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நஞ்சை, தாத்தா காலத்துக் குத்தகை. கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் வங்கிக்கு வந்ததும் அப்பா எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பார். காரியக்காரர், காலண்டர் தாளில் அட்டை போட்ட நோட்டில் பென்சிலால் வரவு எழுதி, திருப்பிக் காட்டுவார். ரசீது கேட்டால், "நமக்குள் எதற்கப்பா ரசீது?" என்பார். சட்டப்படி நியாயக் குத்தகை விளைச்சலில் 25 சதவீதம். நாங்கள் அதற்கு மேல்தான் அளந்தோம்.

சாலையோர மனை விலை ஏறியது. வருவாய் நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தது: மூன்று ஆண்டு பாக்கியாம், நிலத்தை ஒப்படைக்க வேண்டுமாம். அந்த நோட்டு? அப்படி ஒன்று இருந்ததே இல்லையாம்!

1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்வரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது. நிலத்தைப் பாழாக்கினோம், வேறு வேலைக்கு விட்டோம் என்றால் சாட்சி வேண்டும். பாக்கி என்றால் ஒரு மனு போதும்; கொடுத்ததைக் காட்டுவது நம் தலையில். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கல், பயிர் செய்ததைச் சொல்லும். வங்கிப் புத்தகம், பணம் எடுத்ததைச் சொல்லும். யார் கைக்குப் போனது என்பதை இரண்டுமே சொல்லாது. 1969 சட்டத்தின்படியான குத்தகை உரிமைப் பதிவேட்டில் தாத்தா பெயர் இருந்ததால், குத்தகைதாரரே இல்லை என்று மட்டும் அவர்களால் சொல்ல முடியவில்லை.

குத்தகையை உரிமையாளர் கணக்கில் நீதிமன்றத்திலேயே கட்டலாம். நெல் குத்தகையானால் அன்றைய சந்தை மதிப்பு. பாக்கி என்றே முடிவானாலும் அதைக் கட்ட அவகாசம் தர இடமுண்டு, கட்டிவிட்டால் மனு தள்ளுபடி. எங்கள் வக்கீல் நம்பியிருப்பது இதைத்தான். கொடுத்த பணத்தையே மறுபடியும் கொடுத்து நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமாம், என்ன நியாயமோ!

இதே ஆள் ஆற்றுக்கு அக்கரையிலும் வேறு இரண்டு சொந்தக்காரர்களுக்கு வசூல் செய்கிறார். அங்கே சாகுபடி செய்கிறவர்கள் இந்தச் சம்பாக் குத்தகையை அவர் கையில் கொடுக்காதீர்கள். தஞ்சாவூர் வருவாய் நீதிமன்றத்தில் கட்டி, சலான் நகலைப் பத்திரமாக வையுங்கள்.