47 இஞ்சினிலிருந்து 14க்கு: கொட்டகலையில் 15 வருஷ மாடல் ரயில் அனுபவம்

மாடல் ரயில் சேர்க்கிற இரண்டு பேர் சந்தித்தால், பெயரைக் கேட்பதற்கு முந்தியே "எத்தனை வண்டி வைத்திருக்கிறீங்க?" என்ற கேள்விதான் வரும். 2019இல் கேட்டிருந்தால் 47 இஞ்சின், 138 பெட்டி என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பேன். இன்றைக்குக் கேட்டால் 14 இஞ்சின். நடுவில் திருட்டுப் போகவில்லை, வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. நானேதான் குறைத்தேன். ஏன் என்று எழுதி வைத்தால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, அதிலும் நம்ம இலங்கை மலைப்பக்கத்தில் தொடங்குகிறவர்களுக்கு, கொஞ்சம் காசாவது மிஞ்சும்.

அட்டன் டவுனில் டிவி, ரேடியோ திருத்தும் கடை வைத்திருக்கிறேன். வீடு கொட்டகலையில், தண்டவாளத்துக்கு மேலே இருக்கும் மேட்டில். பதுளைக் கோச்சி ஊதினால் கோப்பையில் தேத்தண்ணீர் ஆடும். சின்ன வயதில், லண்டனுக்குப் போன சித்தப்பா லீவில் வந்தபோது ஒரு ஹோர்ன்பி செட் (சீமையில் பெயர்போன மாடல் ரயில் கம்பெனி) கொண்டுவந்தார். ஒரு இஞ்சின், இரண்டு பெட்டி, ஒரு வட்டத் தண்டவாளம். அந்தத் தண்டவாளம் இரும்பு. ஒரு மழைக்காலம்தான் தாங்கியது. ஆடி முடியும்போது கம்பி முழுக்க மண்ணிறத் துரு. இந்தப் பொழுதுபோக்கின் முதல் பாடமே அதுதான், ஆனால் எனக்கு அது விளங்க முப்பது வருஷம் ஆனது.

2010இல் கடையில் கொஞ்சம் நிமிர்ந்ததும் மறுபடி தொடங்கினேன். ஓ.ஓ. ஸ்கேல், அதாவது நிஜ ரயிலின் அளவில் 76இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். வாங்கியதெல்லாம் பெரும்பாலும் பழைய சாமான்தான்: லண்டனில் இருக்கும் மச்சானின் வீட்டுக்கு ஏலத்தில் எடுத்தது வரும், அவர் வரும்போது பெட்டிக்குள் உடுப்புக்கு நடுவில் சுற்றிக்கொண்டு வருவார். வருஷத்துக்கு ஐந்து, ஆறு. ஒவ்வொன்றையும் நீல மட்டை சீ.ஆர். கொப்பியில் எழுதுவேன்: இலக்கம், கம்பெனி, விலை, வந்த திகதி. அந்தக் கொப்பியைப் புரட்டுவதில் இருந்த சந்தோஷம் வண்டி ஓட்டுவதில் இருந்ததா என்றால், இல்லை. இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

எண்ணுவதே ஒரு வில்லங்கம். இஞ்சினைத் தனியாக எண்ணலாம், சரி. மூன்று பெட்டி சேர்ந்த டீசல் ரேக் ஒன்று வாங்கினால் அது ஒன்றா, மூன்றா? மோட்டார் ஒன்றில்தான் இருக்கும், மற்றது இரண்டும் சும்மா இழுபடும். பண்டாரவளையில் ஒரு மாஸ்டர் இருக்கிறார். ஜப்பான் கேட்டோ கம்பெனியின், ஓ.ஓ.வைவிடச் சின்னதான 'என்' ஸ்கேல் வண்டிகள் சேர்க்கிறவர் (என்னுடைய ஸ்கேல் அல்ல, அது ஆங்கில எழுத்து). அவரிடம் 16 பெட்டி ஷின்கான்சென், அதாவது ஜப்பான் அதிவேக ரயில், ஒன்று உண்டு. எங்களிடம் பெருமைக்குச் சொல்லும்போது 16, வீட்டம்மாவிடம் சொல்லும்போது 1.

பெரிய எண்ணிக்கை என்றால் ஜெர்மனி ஹம்பேர்க்கில் 2001இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்டைச் சொல்வார்கள். ஆயிரத்துக்கு மேல் ரயில்கள். ஆனால் அது சம்பளத்துக்கு ஆள் வைத்துத் திருத்துகிற இடம். ஒரு வீட்டில், ஒரு ஆளின் கையில் எத்தனை தாங்கும் என்பதுதான் என் கேள்வி.

எனக்கு அந்தக் கேள்வியை எழுப்பியது 2022. அந்த வருஷம் என்ன நடந்தது என்று இலங்கையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மார்ச் கடைசியில் கறண்ட் வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அதற்குப் பிறகும் வருஷம் முழுக்க தினமும் சில மணித்தியாலம் வெட்டினார்கள். இதற்கும் மாடல் ரயிலுக்கும் என்ன என்று கேட்பீர்கள். என் 47 இஞ்சினும் ஒரு மர அலுமாரியில் இருந்தன. அடித்தட்டில் 40 வாட் குண்டு பல்பு ஒன்று இரவு பகலாக எரியும். மழைநாட்டில் கெமரா வைத்திருப்பவர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். அந்தச் சூடு ஈரத்தை அண்ட விடாது. (எல்ஈடி பல்பு போட்டுப் பார்க்காதீர்கள், வெளிச்சம் மட்டும்தான் வரும்.) பல்பு அணைந்து அணைந்து எரிந்ததில் அலுமாரி வேர்க்கத் தொடங்கியிருக்கிறது. வைகாசி, ஆனி மழையும் பிடித்துவிட்டது. கேஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற நாட்களில் அலுமாரியைத் திறக்க யாருக்கு நினைப்பு?

ஜூலையில் திறந்தேன். முதலில் மணம் வந்தது, நனைந்த கம்பளி மணம். ஒரு பச்சை நிற நீராவி இஞ்சினை அதன் அட்டைப் பெட்டியிலிருந்து இழுத்தால் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே இருந்த ஸ்பொஞ்ச் ஈரத்தில் கரைந்து, பாணிபோலப் பிசுபிசுத்து, இஞ்சினின் கூரையோடு ஒட்டியிருந்தது. விரல் நகத்தால் மெதுவாக நிமிண்டினேன். ஸ்பொஞ்ச் வந்தது, கூடவே பெயிண்டும் வந்தது. பெயர் எழுதிய பொன் எழுத்தில் பாதி என் நகத்தில். அட்டைப் பெட்டிகளின் வெளியே வெள்ளைப் பூஞ்சணம், மாவு தூவியதுபோல. பெட்டி பழுதில்லாமல் இருந்தால் விலை கூடும் என்று நான் பத்திரமாக வைத்த அதே பெட்டிகள்.

அதற்குப் பிறகு நாலு ஞாயிற்றுக்கிழமை 47 இஞ்சினையும் ஒவ்வொன்றாகத் தண்டவாளத்தில் வைத்து 12 வோல்ட் கொடுத்துப் பார்த்தேன். வைத்தவுடன் ஓடியது 19. சக்கரத்தையும் மோட்டார் பிரஷ்ஷையும் ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்டுத் துடைத்து, பிசினாக இறுகிப்போன பழைய எண்ணெயைக் கழுவி எடுத்த பிறகு ஓடியது இன்னும் 11. இழுத்து இழுத்து, விக்கி விக்கி ஓடியது 9. மிச்சம் 8 அசையவில்லை. கொப்பியில் 47 என்று எழுதி வைத்திருந்த எனக்கு உண்மையில் இருந்தது 30.

அந்த எட்டில் மூன்றின் கதை வேறு. மோட்டார் நன்றாக இருந்தது, அடிச்சட்டம்தான் வாழைப்பழம்போல வளைந்து, நடுவில் வெடித்திருந்தது. துத்தநாகக் கலவையில் வார்க்கும்போது ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டால், பல வருஷம் கழித்து அது உள்ளுக்குள்ளேயே அரித்து, ஊதி, வெடிக்கும். ஈரமும் சூடும் சேர்ந்தால் இன்னும் சுருக்காக. மருந்தே கிடையாது. கம்பெனியின் பெயர் வேண்டாம். அந்த மூன்றில் ஒன்று ஒருமுறைகூட ஓட்டாமல் வைத்தது. "ஓட்டாததற்குத்தான் மதிப்பு" என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பெட்டியோடு வைத்திருந்தேன். ஓட்டியிருந்தாலும் வெடித்திருக்கும், ஆனால் பத்து வருஷம் ஓடிவிட்டு வெடித்திருக்கும்.

அப்புறம் ஒரு கணக்குப் போட்டேன். இந்தக் காலநிலையில் ஒரு இஞ்சினை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது எடுத்து, சக்கரம் துடைத்து, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, கால் மணித்தியாலம் ஓட்ட வேண்டும். எல்லாம் சேர்த்து அரை மணித்தியாலம். 47 இஞ்சினுக்கு வருஷத்துக்கு 94 மணித்தியாலம். எனக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலம். ஆக 47 ஞாயிறு துடைப்பதற்கே. விளையாட மிச்சம் ஐந்து ஞாயிறு, அதிலும் ஒன்று தீபாவளிக்கு வீடு வெள்ளையடிப்பதில் போய்விடும்.

இடக் கணக்கு அதைவிட மோசம். என் மேசை 8 அடிக்கு 4 அடி பிளைவூட் ஒன்று, பழைய லயத்துக் காம்பராவின் பத்துக்குப் பன்னிரண்டு அளவிலேயே கட்டிய அறையில். நம்ம மலைப்பாதையில் மிக இறுக்கமான வளைவின் ஆரை கிட்டத்தட்ட 100 மீட்டர். அந்த வளைவில் வரும்போது கடைசிப் பெட்டியிலிருந்து இஞ்சினையே பார்க்கலாம். அதை 76ஆல் பிரித்தால் 1.3 மீட்டர். முழு வட்டம் போட்டால் 2.6 மீட்டர், என் பிளைவூட்டின் நீளத்தையே தாண்டும். கடையில் விற்கும் ஹோர்ன்பி வளைவுகளில் இறுக்கமான முதல் ஆரை வளைவு 371 மில்லிமீட்டர்தான். நிஜத்தில் அது 28 மீட்டர், அந்த வளைவில் எந்தப் பெரிய ரயிலும் திரும்பாது. நான் போட்டது இரண்டாம், மூன்றாம் ஆரையில் இரட்டைப் பாதை, நாலு சைடிங் (வண்டி நிறுத்தி வைக்கும் கிளைப்பாதை). ஒரு சைடிங்கில் ஒரு இஞ்சினும் மூன்று பெட்டியும் நிற்கும். ஓடுவது இரண்டு, நிற்பது நாலு. மேசையில் ஆறு வண்டிக்கு மேல் இடமில்லை. 47ஐ வைத்துக்கொண்டு நான் யாருக்குக் கோச்சி விட்டேன்?

ஒருமுறை நம்ம பாதையின் ஏற்றத்தையும் செய்து பார்த்தேன், 44க்கு 1. நிஜ இஞ்சின் மூச்சுப்பிடித்து ஏறும் அந்த ஏற்றத்தில் என் நல்ல இஞ்சின்களில் பாதி, நாலு பெட்டியை மாட்டினால் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றின. ரப்பர் வளையம் போட்ட சக்கரங்கள் ஏறின. ஆனால் அந்த வளையமும் மூன்று நாலு வருஷத்தில் வெடித்துக் கழன்றுவிடுகிறது. ஏற்றத்தைப் பிடுங்கிவிட்டேன். நானுஓயாவுக்கு 1885இல் வந்த பாதை பதுளையைத் தொட 1924 ஆனது, நான் ஏன் அவசரப்பட வேண்டும்?

பண்டாரவளை மாஸ்டரிடம் 80க்கு மேல் இஞ்சின் இருக்கிறது, எல்லாம் ஓடுகிறது. போன வருஷம் போய்ப் பார்த்தேன். இரண்டு சூட்கேஸ், அவ்வளவுதான் முழுச் சேகரிப்பும். 'என்' ஸ்கேலில் ஒரு பெட்டி சுமார் 13 சென்டிமீட்டர், என்னுடையது 26. இடம் ஒரு பக்கம். இன்னொன்று, அந்தப் பக்கம் மழை குறைவு. தென்மேற்கு மழை மலையில் முட்டி எங்கள் பக்கத்தில் கொட்டிவிட்டுத்தான் அங்கே காற்றாகப் போகிறது. வட்டவளை இலங்கையிலேயே மழை கூடிய இடங்களில் ஒன்று, அதற்குக் கூப்பிடு தூரத்தில் நான். "அண்ணே, நீங்க தண்ணிக்குள்ள ரயில் வளர்க்கிறீங்க" என்றார். சிரித்தாலும் உண்மை. ஒரே காசு, ஒரே ஆசை; மலைக்கு இந்தப் பக்கம் 14, அந்தப் பக்கம் 80.

குறைத்தது எப்படி என்றால், விக்கிய 9ஐயும் அசையாத 5ஐயும் உதிரிக்கு வைத்துக்கொண்டேன். வெடித்த மூன்று குப்பைக்கு. ஓடிய 30இல் 16ஐ விற்றேன். விற்றதில் நட்டம் வரவில்லை. 2019இல் 230 ரூபாய் பக்கம் இருந்த இங்கிலாந்துப் பவுண் காசு 2022இல் 400ஐத் தாண்டியதால், பழைய விலைக்கு வாங்கியதெல்லாம் ரூபாயில் ஏறியிருந்தது. இதை முதலீடு என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ரூபாய் விழுந்ததே தவிர என் இஞ்சின் ஏறவில்லை. அந்தக் காசில் புறக்கோட்டையில் இறுக்க மூடும் பிளாஸ்டிக் பெட்டிகள், ஒரு ஈரமானி, இரண்டு கிலோ நீலச் சிலிக்கா ஜெல் வாங்கினேன். மூன்று வருஷமாகப் பாவிக்கிறேன். ஜெல் ரோஸ் நிறமானதும் இதற்கென்றே ஒதுக்கிய பழைய ரொட்டிக் கல்லில் மெல்லிய சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகிவிடும். மழைக்காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, மாசியில் மாதம் ஒருமுறை போதும். கறண்ட் போனாலும் கவலையில்லை. ஸ்பொஞ்ச் எல்லாவற்றையும் எறிந்துவிட்டு டிஷ்யூ தாளில் சுற்றுகிறேன். இந்த மூன்று வருஷத்தில் பூஞ்சணம் ஒரு பொட்டுக்கூட இல்லை. தண்டவாளத்தை நிக்கல் சில்வருக்கு மாற்றியதும் பலன் தந்தது. பெயரில்தான் சில்வர், உள்ளே செம்பும் துத்தநாகமும் நிக்கலும். கறுக்கும், ஆனால் துரு பிடிக்காது. இஞ்சினுக்குள் சிப் வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓட்டும் டிஜிட்டல் முறைக்கு மாற்றச் சொல்லி நிறையப் பேர் சொன்னார்கள். ஐந்துக்குப் போட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது; மற்ற ஒன்பதுக்கும் போட மனம் வரவில்லை.

குறை ஒன்று உண்டு. 14இல் ஒன்றுகூட நம்ம ஊர் இஞ்சின் இல்லை. எல்லாம் சீமைக் கோச்சி. கனடாவிலிருந்து 1954இல் வரத் தொடங்கிய எம்2 டீசல் இஞ்சின் இன்றைக்கும் என் வீட்டுக்குக் கீழே போகிறது. அதைப் பெட்டியில் போட்டு விற்கும் கம்பெனி எதையும் நான் கண்டதில்லை. அசையாத ஐந்தில் ஒன்றின் மோட்டாரை வைத்து, பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, மேலுடம்பைச் செய்துகொண்டிருக்கிறேன். மூக்கின் வளைவு இரண்டு முறை பிழைத்துவிட்டது. நம்ம பாதை அகலப் பாதை, 1676 மில்லிமீட்டர். என் ஸ்கேலில் 22 மில்லிமீட்டர் வர வேண்டும், ஆனால் ஓடப்போவது 16.5இல்தான். தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சீ.ஆர். கொப்பியில் விலை எழுதும் பத்தியை வெட்டிவிட்டு 'கடைசியாக ஓடிய நாள்' என்று ஒரு பத்தி போட்டிருக்கிறேன். 9ஆம் இலக்கம், அந்தப் பெயர் பாதி உரிந்த பச்சை இஞ்சின், மூன்று மாதத்தைத் தாண்டி இரண்டு நாள் ஆகிறது. நாளைக்கு எடுக்க வேண்டும்.