எட்ஸி: நல்ல கடைகள் உள்ளே இருக்கின்றன, தேடல் பெட்டி அங்கே கூட்டிப்போகாது

வீட்டில் வைக்க ஒரு பொருள் வேண்டும், ஆனால் அது எல்லார் வீட்டிலும் இருக்கிற அதே பொருளாக இருக்கக் கூடாது, யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்ததாக இருக்க வேண்டும் என்று தேடக் கிளம்புகிறவர்கள் என்றாவது ஒருநாள், கைவினைஞர்கள் கடை வைத்து விற்கும் இணையச் சந்தையான எட்ஸியில்தான் போய் நிற்பார்கள். நானும் போனேன், இப்போதும் போகிறேன். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றேகால் போடுவேன். உள்ளே இருக்கும் நல்ல கடைகளுக்கு மட்டும் என்றால் நாலரை. அந்தக் கடைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் வசதிக்கு இரண்டு, அதுவும் பெரிய மனசு வைத்து.

தேடல் பெட்டியில் 'கையால் செய்த கோப்பை' என்று போட்டுப் பாருங்கள். முதல் வரிசையில் வருவதில் பாதி விளம்பரம். அப்புறம் ஒரே கோப்பை, ஒரே மேஜை, பக்கத்தில் ஒரே காய்ந்த பூங்கொத்து, ஆனால் வெவ்வேறு கடைப் பெயர், வெவ்வேறு விலை. மொத்தமாக எங்கோ வார்த்து வாங்கியதைத் தன் கையால் செய்ததாகச் சொல்லி விற்கிற ஆட்கள் இவர்கள். சந்தேகமாக இருந்தால் படத்தைச் சேமித்து, படத்தை வைத்துத் தேடும் வசதியில் போட்டால் போதும், அதே படம் மொத்த விற்பனைத் தளங்களில் நின்றுகொண்டிருக்கும். உண்மையிலேயே சக்கரத்தில் வனைகிறவரின் கோப்பை பல பக்கங்கள் தள்ளி இருக்கும், அதுவரை யார் பொறுமையாகப் போவார்கள்?

இது தற்செயலாக நடப்பதில்லை. 2019இல் எட்ஸி ஒரு மாற்றம் கொண்டுவந்தது. அமெரிக்காவில் இருந்து தேடுகிறவர்களுக்கு, தபால் செலவு இல்லாமல் அனுப்பும் பொருளும், 35 டாலருக்கு மேல் வாங்கினால் தபால் இலவசம் என்று உறுதி சொல்லும் கடைகளும்தான் தேடலில் முன்னால் வரும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காதணி செய்கிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை, கனமான மண்பாத்திரமோ மரமேஜையோ செய்கிறவருக்கு இதுவே பெரிய அடி. வீட்டுப் பொருள் தேடிப் போகிற நமக்கு எந்தக் கடைகள் முதலில் கண்ணில் பட வேண்டுமோ அவைதான் பின்னால் போகின்றன.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 2005இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ராப் கேலினும் நண்பர்களும் தொடங்கியபோது விதி எளிமையாக இருந்தது: கையால் செய்தது, பழைய பொருள், கைவேலைக்கான மூலப்பொருள், இந்த மூன்றைத்தான் விற்கலாம். 2013இல் அதைத் தளர்த்தினார்கள், வடிவமைப்பு உங்களுடையதாக இருந்தால் செய்துதர வெளியே ஓர் உற்பத்தியாளரை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2015இல் பங்குச் சந்தைக்குப் போனார்கள். விற்பனைக் கட்டணம் 2018இல் 3.5 சதவீதத்தில் இருந்து 5 ஆனது, 2022 ஏப்ரலில் 6.5 ஆனது. அந்த மாதம் ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையை மூடி வைத்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கட்டணம் குறையவில்லை. இதுபோக வெளித்தளங்களில் எட்ஸியே விளம்பரம் போட்டு, அதன் வழியாக விற்றால் 12 அல்லது 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்கும் கடை அதிலிருந்து விலகவும் முடியாது. எல்லாம் சேர்த்தால், ஒரு கோப்பையின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் செய்தவர் கைக்கே போகாமல் போகலாம். விலை அதிகமாக இருக்கிறதே என்று முகம் சுளிக்கும் முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

2013 மாற்றத்தைப் பற்றி ஊரே திட்டியது, நான் முழுதாகத் திட்ட மாட்டேன். ஓவியம் வரைகிறவர் தன் படத்தைத் துணியில் அச்சிட வீட்டிலேயே ஓர் அச்சு இயந்திரம் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அபத்தம். வடிவமைப்பதும் ஒரு வேலைதான். சிக்கல் என்னவென்றால், அந்தக் கதவைத் திறந்துவிட்டு வாசலில் ஆள் போடவில்லை.

ஆள் போட்டது 2024இல். இப்போது பொருள் பக்கங்களில் நான்கு வகையாகப் பிரித்துக் காட்டுகிறார்கள்: விற்பவரே செய்தது, விற்பவர் வடிவமைத்தது, தேடி எடுத்த பழைய பொருள், கைவேலைக்கான மூலப்பொருள் போன்றவற்றை வாங்கி விற்பது. பழைய பொருள் என்றால் குறைந்தது 20 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு, நான் முதலில் பார்ப்பதே இதைத்தான். ஆனால் 'வடிவமைத்தது' என்ற பெட்டி ரொம்பப் பெரியது. பல ஆண்டுகள் கையால் வரைந்து பழகியவரின் படமும் அதில்தான், செயற்கை நுண்ணறிவுக் கருவியில் இரண்டு வரி தட்டி எடுத்த படமும் அதில்தான். கருவியைப் பயன்படுத்தியதைப் பொருள் விவரத்தில் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது, நீளமான விவரத்தின் கடைசி வரி வரை படிக்கிறவர் எத்தனை பேர்? சுவரில் மாட்டும் படம் வாங்குகிறவர்கள் இந்த இடத்தில் ரொம்ப நிதானமாக இருக்க வேண்டும். அச்சுப் படம் என்றால் எந்த முறையில் அச்சிட்டது என்று எழுதியிருக்கிறார்களா பாருங்கள். லினோ கட் (லினோலியத் தகட்டில் செதுக்கி அச்சிடுவது), ஸ்க்ரீன் பிரிண்ட் (வலைத்திரை வழியாக மை இழுத்து அச்சிடுவது), ரிசோகிராஃப் (ஒவ்வொரு நிறமாகத் தனித்தனியே அச்சிடும் இயந்திரம்) என்று சொன்னால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. 'ஜிக்லே' என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம், அது தரமான இங்க்ஜெட் அச்சுதான். கெட்டது என்று சொல்லவில்லை, கைவேலை என்று சொல்லி விலை வைத்தால்தான் கேள்வி. லினோவில் செதுக்கி அச்சிடுகிறவர்கள் வழக்கமாக ஓரத்தில் பென்சிலால் 3/50 என்பதுபோல் எண் போட்டுக் கையெழுத்திடுவார்கள், ஐம்பதில் மூன்றாவது பிரதி என்று பொருள்.

சரி, தேடல் உதவாது என்றால் எப்படிப் போவது? நான் பொருளைத் தேடுவதை விட்டு ஆளைத் தேட ஆரம்பித்தேன். எப்படியோ பிடித்துப்போன ஒரு கடை கிடைத்தால் அந்தக் கடைக்காரரின் பக்கத்தில், அவர் தனக்குப் பிடித்ததாகக் குறித்து வைத்த பொருட்களும் கடைகளும் இருக்கும், மறைத்து வைக்காமல் இருந்தால். குயவர் இன்னொரு குயவரை ரசித்துக் குறித்து வைத்திருப்பார், அந்த இன்னொருவர் ஒரு நெசவாளரை. இப்படியே போனால் முதல் பக்கத்துக்கு வரவே வராத கடைகளில் போய் இறங்கலாம். எட்ஸியின் உண்மையான கண்டுபிடிப்பு வசதி இதுதான், அதை அவர்களே எங்கோ மூலையில் ஒளித்து வைத்திருப்பதுதான் வேடிக்கை. அப்புறம் விமர்சனப் பகுதியில் வாங்கியவர்கள் போட்ட படங்கள். வீட்டு வெளிச்சத்தில், சமையலறைத் திண்ணையில் வைத்து அவசரமாக எடுத்த அந்தப் படங்கள் கடைக்காரர் எடுத்ததைவிட நூறு மடங்கு உண்மை பேசும், நிறம் உட்பட.

கைவேலையா இல்லையா என்பதைப் படத்திலேயே ஓரளவு பார்த்துவிடலாம். மண்பாத்திரத்தில் முதலில் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். சக்கரத்தில் வனைந்ததன் உள்ளே விரல் ஓடிய தடம் சுருளாக இருக்கும், அடியில் செதுக்கி எடுத்த வளையம் இருக்கும், மெருகு, அதாவது மேலே பூசிச் சுட்ட கண்ணாடி போன்ற பூச்சு, ஓரிடத்தில் தடித்தும் விளிம்பில் மெலிந்தும் நிற்கும். களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி எடுத்ததில் பக்கவாட்டில் மெல்லிய இணைப்புக் கோடு தெரியலாம், இரண்டு கோப்பையை அருகருகே வைத்தால் மயிரிழை வித்தியாசம் இருக்காது. அச்சில் வார்ப்பதும் திறமை கேட்கும் வேலைதான், ஆனால் அதைச் சொல்லி விற்க வேண்டும். அடிப்பக்கப் படமே போடாத கடையில் நான் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். உண்மையான குயவர் சந்தோஷமாக அனுப்புவார், சில பேர் சூளை எத்தனை டிகிரி வரை போனது என்பதையும் சேர்த்துச் சொல்லுவார்கள், நிறுத்தவே முடியாது.

துணி என்றால் பின்பக்கம். மரக்கட்டையால் அச்சிட்டதில் சாயம் ஓரளவு பின்னால் ஊறியிருக்கும், ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் இடைவெளி இம்மி பிசகும், இரண்டு நிறம் சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறியிருக்கும். முன்பக்கம் பளிச்சென்று, பின்பக்கம் வெள்ளை வெளேரென்று, வடிவம் நூல் பிடித்தமாதிரி திரும்பத் திரும்ப வந்தால் அது பெரும்பாலும் டிஜிட்டல் அச்சு.

தோல் பொருளில் தையலைப் பார்ப்பேன். கையால் தைக்கிறவர்கள் ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் நுழைப்பார்கள், தையல் சற்றே சாய்ந்து விழும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற தையல் பிடித்து நிற்கும். இயந்திரத் தையல் மேல் நூலும் கீழ் நூலும் பின்னிக்கொள்வது, ஓரிடம் அறுந்தால் இழுக்க இழுக்கப் பிரிந்து வரலாம். ஒரு பையை எடுத்து எத்தனை ஆண்டு வைத்துக்கொள்வீர்கள் என்பதே இந்தத் தையலில்தான் இருக்கிறது, விவரத்தில் எழுதியிருக்கும் கவிதையில் இல்லை.

கவிதை என்றதும் கடைகளின் அறிமுகப் பக்கம் நினைவுக்கு வருகிறது. ஜன்னலோரப் பட்டறை, ஒரு பூனை, அலுவலக வேலையை விட்டுவிட்டு மனசு சொன்ன வழியில் போன கதை. பத்தில் எட்டுக் கடையில் இதே கதை. ஜப்பானில் யானகி சோயெட்சுவும் அவர் நண்பர்களும் 1925 வாக்கில் 'மிங்கே' என்ற பெயரில் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். சாதாரண மக்கள் புழங்கும் பாத்திரத்திலும் துணியிலும், பேர் தெரியாத கைவினைஞர் திரும்பத் திரும்பச் செய்து கை பழகியதால் வரும் அழகே உயர்ந்தது என்றார்கள். 1936இல் டோக்கியோவில் அதற்கென்று ஓர் அருங்காட்சியகமே திறந்தார்கள். எட்ஸி போன்ற இடங்களில் விஷயம் தலைகீழ். இங்கே பேரும் முகமும் இல்லாமல் பொருள் நகராது. கேமராவுக்கு முன்னால் பேச வராத நல்ல கைவினைஞர் ஒருவர், நன்றாகப் பேசத் தெரிந்த சுமாரான ஒருவரிடம் தோற்றுப்போகிறார். அதனால் நான் அறிமுகக் கதையைத் தாண்டி, கடையில் இருக்கும் எல்லாப் பொருளையும் ஒரே பார்வையில் பார்ப்பேன். ஒரே கை செய்தது போல் இருக்கிறதா? மெழுகுவர்த்தி, கம்பளம், மோதிரம், கடிகாரம் என்று சம்பந்தமில்லாமல் நூற்றுக்கணக்கில் அடுக்கியிருந்தால் அது பட்டறை இல்லை, கிடங்கு.

வந்து சேருவதைப் பற்றிச் சுருக்கமாக. சொல்லிச் செய்யும் பொருளுக்கு வாரக்கணக்கில் ஆகும், அது குறையே இல்லை. வழியில் உடைந்தாலோ, சொன்னதற்கு மாறாக வந்தாலோ, வராமலே போனாலோ பணம் திரும்பக் கேட்க ஒரு பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. 2022இல் இருந்து, தகுதியுள்ள ஆர்டர்களுக்கு 250 டாலர் வரை எட்ஸியே அந்தச் செலவை ஏற்கிறது, விற்றவர் தலையில் கட்டுவதில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே, முன்பின் தெரியாத ஒருவரிடம் முதல்முறை வாங்கும்போது அவருடைய சொந்தத் தளத்தைவிட எட்ஸி வழியாக வாங்குவது எனக்கு நிம்மதி. நாடு தாண்டி வந்தால் சுங்க வரி தனி, அதை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

வேறு இடங்களும் உண்டு. அமேசான் 2015இல் ஹேண்ட்மேட் என்று ஒரு பகுதியைத் திறந்தது, உள்ளே வர விற்பவர் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். ஆனால் அங்கே உலாவித் தேடும் சுகமே இல்லை, கடைக்காரரின் ரசனை எதுவும் கண்ணில் படாது. பெர்லினில் 2006இல் தொடங்கிய டவாண்டா என்ற இதேபோன்ற இணையச் சந்தை எனக்குத் தெரிந்து நல்ல பேர் எடுத்திருந்தது, 2018இல் மூடிவிட்டார்கள். அங்கே கடை வைத்திருந்தவர்களை எட்ஸிக்குப் போகச் சொல்லித்தான் கதவைச் சாத்தினார்கள். இன்று சின்னக் கைவினைஞர்களில் பலர் எட்ஸியில் ஒரு காலும் சொந்தத் தளத்தில் ஒரு காலுமாக நிற்பது ஏன் என்று இதிலிருந்தே தெரியும்.

வாங்குகிற நமக்கும் அதே வழி பொருந்தும். முதல் பொருள் எட்ஸியில், பிடித்திருந்தால் அடுத்தது அவருடைய சொந்தத் தளத்தில். எட்ஸியின் செய்திப் பெட்டியிலேயே 'வெளியே வாருங்கள், விலை குறைப்பேன்' என்று கூப்பிடுகிறவரிடம் மட்டும் போகாதீர்கள், அது விதிக்குப் புறம்பு, பாதுகாப்பும் போய்விடும். சொந்தத் தளத்தில் மின்னஞ்சல் மடல் இருந்தால் பேரைக் கொடுத்து வையுங்கள். குயவர்கள் பலர் மெருகில் ஒரு புள்ளி, விளிம்பில் சின்ன வளைவு என்று தாங்களே ஒதுக்கிய பாத்திரங்களை அவ்வப்போது குறைந்த விலைக்கு விடுவார்கள். சில பேர் அதை எட்ஸியில் போடுவதே இல்லை, மடலில்தான் சொல்கிறார்கள், அன்றைக்கே தீர்ந்தும் போகிறது.