கடைசி கால தீர்க்கதரிசனம் பைபிள் கிளாஸ்: 12 வாரம் முடிச்சுட்டு எழுதுறேன்

மூணு மாசமா சனிக்கிழமை ராத்திரி ஜூம்ல போயிட்டிருந்த, பைபிள்ல இருக்குற தானியேல், வெளிப்படுத்தல் புஸ்தகங்கள பத்தின கிளாஸ் போன வாரம் முடிஞ்சுது. சேரலாமான்னு நிறைய பேர் கேக்குறீங்க. சேருங்க. ஆனா ரெண்டு விஷயத்துல எனக்கு வருத்தம் இருக்கு, அதையும் சொல்லிடுறேன்.

நான் சேர்ந்ததே பயத்துல தான். சின்ன வயசுல ஸ்கூல் விட்டு வந்து வீட்ல யாரும் இல்லன்னா இயேசுவோட வருகை வந்துருச்சு, என்னைய மட்டும் விட்டுட்டு எல்லாரும் போயிட்டாங்கன்னு வாசல்ல நின்னு அழுதிருக்கேன். வெளிப்படுத்தல்னாலே 666ம் மிருகமும் தான் ஞாபகம் வரும், அந்த புஸ்தகத்த தனியா உக்காந்து படிச்சதே இல்ல.

இவங்க முதல் நாலு வாரம் வெளிப்படுத்தல் பக்கமே போகல, தானியேல் மட்டும் தான், அது தான் இந்த கிளாஸோட பெரிய பலம். 2ஆம் அதிகாரத்து சிலைய, பொன் தலை, வெள்ளி மார்பு, வெண்கல வயிறு, இரும்பு கால்னு நோட்ல ஒரு பக்கம் வரைஞ்சு அதுக்கு எதிர் பக்கம் 7ஆம் அதிகாரத்து சிங்கம், கரடி, சிறுத்தை, நாலாவது மிருகம் எல்லாம் வரைய சொன்னாரு பாஸ்டர். எதுக்கு இதெல்லாம்னு தான் அப்ப தோணுச்சு. சில வாரம் கழிச்சு வெளிப்படுத்தல் 13 வந்தப்ப, சமுத்திரத்துல இருந்து ஏறி வர்ற மிருகம் பாக்க சிறுத்தை மாதிரி, கால் கரடி, வாய் சிங்கம்னு வாசிக்குறாங்க, நோட்ட திருப்பி பாத்தா அதே மூணு மிருகம், வரிசை மட்டும் தலைகீழா இருக்கு! பத்மு தீவுல இருந்து வெளிப்படுத்தல எழுதின யோவானுக்கு தானியேல் எவ்ளோ மனப்பாடமா இருந்திருக்கணும்னு நினைச்சு எனக்கு சிலிர்த்துடுச்சு.

தானியேல் 9ல மேசியா வர்ற காலத்த சொல்ற 70 வாரத்த பத்தின கிளாஸும் அருமை. 7 + 62 = 69 வாரம், ஒரு நாள ஒரு வருஷமா வச்சா 483 வருஷம். எருசலேம திரும்ப கட்ட கட்டளை வந்ததா எடுத்துக்குற கிமு 457ல இருந்து எண்ணுனா எனக்கு கிபி 26 வந்துச்சு, ஆனா கிமு 1க்கு அடுத்தது நேரா கிபி 1, நடுவுல பூஜ்யம் வருஷம்னு ஒண்ணு கிடையாது, அதனால 27. நெகேமியா காலத்துல இருந்து எண்ணுறவங்க எப்படி எண்ணுறாங்கன்னும் பொறுமையா போட்டு காட்டினாரு. வெளிப்படுத்தல்ல வர்ற ஏழு சபைகள ஒரே வாரத்துல ஓட்டிட்டாங்க, அதுல ஒண்ணான லவோதிக்கேயாவுக்கு மட்டும் மேப் போட்டு பக்கத்துல எராப்போலில இருக்குற வெந்நீர் ஊற்ற காட்டி "வெதுவெதுப்பு"ங்குற வார்த்தைய விளக்கினாங்க.

இப்ப வருத்தம். ஒன்பதாவது வாரம் இரகசிய வருகை, அதாவது இயேசு வந்து விசுவாசிகள எடுத்துட்டு போறது. அது கடைசி கால உபத்திரவத்துக்கு முன்னாடி, நடுவுல, பின்னாடின்னு விசுவாசிகள் நடுவுலயே மூணு விதமா நம்புறாங்க, இங்க முன்னாடிங்குறத மட்டும் தான் எடுத்தாங்க. அந்த போதனை 19ஆம் நூற்றாண்டுல டார்பிங்குற போதகர் மூலமா தான் பெரிய அளவுல பரவுச்சு, 1909ல வந்த ஸ்கோஃபீல்டு குறிப்பு பைபிள் அத வீட்டுக்கு வீடு கொண்டு போச்சு, இத ஒரு வரி கூட சொல்லல. கிளாஸ்ல ஒரு ஆன்ட்டி, "பாஸ்டர், மத்தேயு 24ல உபத்திரவம் முடிஞ்ச உடனேன்னு சொல்லிட்டு அதுக்கப்புறம் தானே தெரிந்துகொள்ளப்பட்டவங்கள கூட்டிச் சேர்ப்பாங்கன்னு போட்டிருக்கு"ன்னு கேட்டாங்க. "அது யூதருக்கு சொன்னதும்மா, அடுத்த வாரம் பாப்போம்"னாரு. அடுத்த வாரம் அந்த பேச்சே வரல. அந்த ஆன்ட்டி அதுக்கப்புறம் மைக்க ஆன் பண்ணவே இல்ல, எனக்கு அது ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

இன்னொண்ணு கடைசி வாரம். 1844 அக்டோபர் 22ல இயேசு வருவாருன்னு அமெரிக்காவுல வில்லியம் மில்லரோட இயக்கத்துல சொன்னத நம்பி ஜனங்க காத்திருந்து உடைஞ்சு போனத முதல் வாரமே இவரு தான் சொல்லி குடுத்தாரு, அந்த நாளும் நாழிகையும் பிதா ஒருவருக்கு தான் தெரியும்னு மத்தேயு 24:36 வேற வாசிச்சாரு. அப்படிப்பட்டவரே கடைசி நாள்ல போர் நியூஸ், உடம்புல சிப் வைக்கிற நியூஸ் எல்லாம் வரிசையா போட்டு "இதோ நிறைவேறிடுச்சு"ன்னு முடிச்சுட்டாரு. பதினோரு வாரம் வசனத்த வசனத்தால விளக்கிட்டு, கடைசில நியூஸ வச்சு விளக்கியிருக்க வேண்டாம்.

ரெண்டையும் பாஸ்டருக்கே மெசேஜ் பண்ணேன். மறுநாளே கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினாரு, அடுத்த பேட்ச்ல கேள்விக்குன்னே ஒரு வாரம் ஒதுக்குறதா சொன்னாரு. சேர்றவங்க தானியேல் 12 அதிகாரத்தையும் ஒரு தடவ வாசிச்சுட்டு போங்க, நோட்டு கோடு போடாததா வாங்குங்க, வரைய நிறைய இருக்கு.