தெற்குன்னு அடிச்சா தெற்கு வரணும்: குறைஞ்ச விலை கேட் (CAD, கம்ப்யூட்டர்ல பிளான் வரையற) சாஃப்ட்வேர், ஒன்றரை வருஷ அனுபவம்

ஈரோட்டுல 14 வருஷமா ட்ராஃப்டிங் பண்றேன், பெரும்பாலும் வீட்டு பிளான்தான், 2 சென்ட்ல இருந்து 10 சென்ட் வரைக்கும், நடுவுல எப்பவாவது ஒரு குடோன், ஒரு மண்டபம். ஆபீஸ்ல ரெண்டு சிஸ்டம். ஆட்டோகேட்ல படிச்சு ஆட்டோகேட்லயே கை பழகுனவன் நான், ஆனா 2016ல இருந்து அதுல புதுசா ஒரேடியா காசு கட்டி வாங்கற லைசென்ஸ் கிடையாது, வாடகை மாதிரி வருஷா வருஷம் கட்டணும், ரெண்டு சிஸ்டத்துக்கும் கட்டற அளவுக்கு என் ஆபீஸ் வருமானம் இல்ல. திருட்டு காப்பி போட எனக்கு மனசு ஒப்பல. அதனால ஆட்டோகேட் பிளானை சேமிக்கற டிடபிள்யூஜி ஃபைலை அப்படியே திறந்து எழுதற, ஒரு தடவை காசு கட்டினா போதும்ங்கற வேற ஒரு சாஃப்ட்வேர் வாங்கி ஒன்றரை வருஷமா அதுலதான் வேலை ஓடுது. பேரு போடல. நான் சொல்லப்போற பிரச்சனைல பாதிக்கு மேல இந்த ரகத்துல வேற சாஃப்ட்வேர்லயும் வருதுன்னு கூட வேலை செய்யறவங்க சொல்றாங்க, அதனால ஒரு கம்பெனி மேல மட்டும் பழி போடறது நியாயம் இல்லன்னு தோணுச்சு. அஞ்சுக்கு மூன்றரை ஸ்டார் குடுப்பேன்.

மொதல்ல நல்லது. கை பழக்கம் மாறவே இல்ல. எல் அடிச்சா லைன், டிஆர் அடிச்சா ட்ரிம், ஓ அடிச்சா ஆஃப்செட், ஒம்போது இன்ச் சுவரு போட கை தானா போகுது, புதுசா எதுவும் கத்துக்க வேண்டி வரல. எட்டு ஜிபி ரேம் இருக்கற பழைய சிஸ்டத்துலயும் சட்டுனு திறக்குது. இன்ஜினியர் அனுப்பற 2018 ஃபார்மேட் ஃபைல் எல்லாம் திறக்குது, திருப்பி அனுப்பறப்ப 2013 ஃபார்மேட்ல சேவ் பண்ணி அனுப்புனா அவங்ககிட்டயும் சிக்கல் இல்லாம ஓபன் ஆகுது. இந்த மாதிரி சாஃப்ட்வேர் நிறைய பேரு ஓப்பன் டிசைன் அலையன்ஸ்னு 1998ல ஆரம்பிச்ச ஒரு கூட்டமைப்போட லைப்ரரியை வெச்சுதான் டிடபிள்யூஜியை படிக்கறாங்க, அதனால கோடு, வட்டம், லேயர் இதெல்லாம் தப்பா வந்ததா இதுவரைக்கும் நான் பாக்கல. டைனமிக் பிளாக் (கதவு, ஜன்னல் மாதிரி அளவு மாத்திக்கற ரெடிமேட் படம்) மட்டும் பாக்கத்தான் வருது, இழுத்து அளவு மாத்த வராது, அது ஒரு குறை, ஆனா அதை வெச்சு வேலை நிக்கல.

வேலை நின்ன இடம் தமிழ் எழுத்து.

வீடு கட்டறவங்க பிளான்ல தமிழ் கேப்பாங்க. அப்ரூவலுக்கு போற ஷீட்டு இங்கிலீஷ்ல இருந்தா போதும், ஆனா வீட்டுக்காரங்க கையிலயும் மேஸ்திரி கையிலயும் போற ஷீட்டு தமிழ்ல இருந்தாத்தான் பேச்சு ஓடும். போன ஆடி முடிஞ்சு ஆவணில பூஜை போடற ஒரு வீட்டுக்கு பிளான் எடுத்துட்டு போனேன், வீட்டுக்காரரோட அம்மா கண்ணாடி போட்டுட்டு ஷீட்டுல விரல் வெச்சு ஒவ்வொரு ரூமா படிச்சுட்டு வந்தாங்க, வடக்கு சரியா இருந்துச்சு, கிழக்கு சரியா இருந்துச்சு, கீழ வந்ததும் விரல் நின்னு போச்சு. தெற்குங்கற எடத்துல த மொதல்ல நிக்குது, அது முன்னாடி வரவேண்டிய கொம்பு பின்னாடி போயி ஒரு புள்ளி வட்டத்தோட ஒட்டிட்டு நிக்குது. மேற்கும் அதே கதிதான். சமையலறைல ரெண்டு ஐகாரமும் எழுத்துக்கு பின்னால விழுந்து கிடக்குது. "இது என்ன பாஷை தம்பி, கன்னி மூலை எந்தப் பக்கம் வருதுன்னே தெரியலயே"ன்னு கேட்டாங்க. வாஸ்து பாக்கற குடும்பம், அக்னி மூலை ஈசானி மூலை எல்லாம் அவங்களுக்கு முக்கியம், அன்னைக்கு நான் பேனாவால ஒவ்வொண்ணா அடிச்சு எழுதிக் குடுத்துட்டு வந்தேன், பிளாட்டர்ல போட்ட ஏ1 ஷீட்டு மேல பேனா கிறுக்கல், எனக்கு அது ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

ஏன் இப்படி ஆகுதுன்னு ஒரு வாரம் உக்காந்து பாத்தேன். யூனிகோட்ல (எல்லா சிஸ்டத்துக்கும் பொதுவான எழுத்து முறை) தெ அடிச்சா உள்ள த மொதல்ல, கொம்பு அடுத்துன்னு தான் பதிவாகும், திரைல காட்டறப்ப கொம்பை தூக்கி முன்னாடி வைக்கறது எழுத்தை வரையற நிரலோட வேலை. அதனாலதான் வடக்கு, கிழக்கு ரெண்டும் தப்பிச்சிருக்கு, அதுல கொம்பு கிடையாது. டெக்ஸ்ட் அடிக்கற பெட்டிக்குள்ள தமிழ் சரியாத்தான் தெரியுது, ஏன்னா அந்தப் பெட்டியை வரையறது விண்டோஸ். ஓகே குடுத்து டிராயிங்குல வந்து உக்காந்ததும் சாஃப்ட்வேர் தன் சொந்த முறைல எழுத்தை பதிவான வரிசைலயே வைக்குது, கொம்பை மாத்தி வைக்கணும்னு அதுக்கு தெரியல. லதா ஃபாண்ட்டு போட்டு பாத்தேன், நிர்மலா போட்டு பாத்தேன், ஃபாண்ட்டை மாத்தி பிரயோஜனம் இல்ல. கேட்டுக்குன்னே இருக்கற எஸ்எச்எக்ஸ் ஃபாண்ட்டு பேச்சே வேணாம், என்கிட்ட இருக்கற எதுலயும் தமிழே கிடையாது.

பழைய ஆளுங்க பாமினி போடுன்னாங்க. பாமினி யூனிகோட் இல்ல, இங்கிலீஷ் எழுத்து இருக்கற எடத்துல தமிழ் உருவத்தை வெச்ச ஃபாண்ட்டு, கண்ணுக்கு தெரியற வரிசைலயே அடிக்கறதால கொம்பு தானா முன்னாடி வந்துடும், பிரிண்ட்டும் அருமையா வருது. ஆனா அந்த ஃபைலை பாமினி இல்லாத சிஸ்டத்துல திறந்தா தெற்குங்கற எடத்துல என், ஜே, டபிள்யூ, ஒரு செமிகோலன், ஒரு எஃப் இப்படித்தான் தெரியும். இன்ஜினியர் ஒருத்தர் அதை ஏதோ குறியீட்டு நம்பர்னு நினைச்சு டெலீட் பண்ணிட்டே அனுப்பிட்டாரு. தேடவும் முடியாது, ஃபைண்டுல தெற்குன்னு அடிச்சா கிடைக்காது.

இப்ப நான் பண்றது என்னன்னா, ரூம் பேரு, திசை, அடிக்கடி எழுதற குறிப்பு எல்லாத்தையும் வேர்ட்ல அடிச்சு பிடிஎஃப் ஆக்கி வெச்சிருக்கேன், பிடிஎஃப்ல எழுத்து எடம் மாறி முடிஞ்சு உக்காந்துருக்கும், அதை டிராயிங்குல அண்டர்லேயா, அதாவது அடில வெச்ச படமா, இணைச்சு தேவையான பேரை மட்டும் கிளிப் பண்ணி எடுத்துக்கறேன். இம்போர்ட் பண்ணாதீங்க, இம்போர்ட் பண்ணா மறுபடி டெக்ஸ்ட்டா மாறி பழைய கதைக்கே போயிடும், அண்டர்லே தான் சரி. ஃபைலை யாருக்காவது அனுப்பறப்ப அந்த பிடிஎஃப்ஐயும் கூடவே அனுப்பணும், மறந்தா பேரு எல்லாம் காணாம போயிடும். சுத்து வேலைதான், ஆனா தப்பு வரல.

இதுக்கு தீர்வு இல்லாம இல்ல. ஹார்ஃப்பஸ்னு ஒரு எஞ்சின் இருக்கு, ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது, குரோம், ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ், ஆண்ட்ராய்டு போன் எல்லாத்துலயும் அதுதான் எழுத்தை கோர்க்குது, உங்க போன்ல இதைப் படிக்கறீங்கன்னா அநேகமா அதுதான் வேலை செய்யுது. அதை சேர்த்தா தமிழ் மட்டும் இல்ல, மலையாளம், இந்தி எல்லாம் ஒரே அடில சரியாகும். இதை நான் விவரமா எழுதி, வடக்கு ஒரு வரி, தெற்கு ஒரு வரின்னு சின்ன ஃபைல் ஒண்ணு போட்டு, எப்படி வரணும்ங்கற படத்தையும் சேர்த்து அனுப்புனேன். மொதல் பதில் "ஃபாண்ட்டை மாத்திப் பாருங்க". மறுபடி எழுதுனேன், ரெண்டாவது பதில்ல டெவலப்பர் ஒருத்தரே ஃபைலை திறந்து பாத்துட்டு பிரச்சனை புரியுது, வேலை பட்டியல்ல சேர்த்திருக்கோம்னு சொன்னாரு. அது நடந்து ஏழு மாசம் ஆச்சு, நடுவுல ஒரு அப்டேட் வந்துச்சு, அதுல சரியாகல.

அடுத்தது அளவு. இது மேஸ்திரி எனக்கு சொல்லிக்குடுத்த பாடம். வரிசையா மூணு ரூம், ஒவ்வொண்ணும் 9 அடி 4 இன்ச், அதோட 3 நூல், அதாவது 3/8 இன்ச். டைமென்ஷன் (பிளான்ல போடற அளவு) ஸ்டைல்ல பிரிசிஷன், அதாவது எவ்வளவு நுணுக்கமா காட்டணும்ங்கறது, முழு இன்ச்சுல இருந்துச்சு, சாஃப்ட்வேர் போட்டு வந்ததே அப்படித்தான். அதனால மூணு எடத்துலயும் 9 அடி 4 இன்ச்சுன்னு காட்டுச்சு, கூட்டுனா 28 அடி. ஆனா மொத்த நீளத்துக்கு போட்ட டைமென்ஷன் 28 அடி 1 இன்ச். ரெண்டுமே சாஃப்ட்வேர் கணக்குப்படி சரி, நிஜ நீளம் 28 அடி 1 இன்ச் 1 நூல். மேஸ்திரி நூல் கட்டிட்டு போன் அடிச்சாரு, "தம்பி, கூட்டுனா ஒரு இன்ச் இடிக்குது, எதை வெச்சு மார்க்கிங் போடட்டும்?" நல்ல மனுஷன், கேட்டாரு. கேக்காம போட்டுருந்தா ஒரு பக்க சுவரு நகர்ந்திருக்கும். அன்னைக்கே டெம்ப்ளேட்டை திறந்து பிரிசிஷனை 1/8க்கு மாத்திட்டேன், ரூம் அளவையும் முழு இன்ச்சுல வர்ற மாதிரியே வரைய ஆரம்பிச்சுட்டேன், அதான் சரியான வழி. ஆனா சாஃப்ட்வேர் இதுல உதவலாம், ஒரே கோட்டுல வரிசையா இருக்கற அளவுங்க காட்டற எண்ணோட கூட்டல் மொத்தத்தோட ஒத்து வரலன்னா அந்த டைமென்ஷனை சிவப்பா காட்டலாம், பெரிய கணக்கு ஒண்ணும் இல்ல, சைட்டுல எத்தனையோ தகராறு இல்லாம போகும்.

இதோட சேர்ந்ததுதான் யூனிட் குழப்பம். நாங்க அடி இன்ச்சுல வரையறோம், நெட்ல கிடைக்கற பிளாக் எல்லாம் மில்லிமீட்டர்ல இருக்கு. யூனிட்டே குறிக்காத ஃபைல்ல இருந்து 900 மில்லிமீட்டர் கதவை எடுத்து வெச்சா 900 இன்ச்சு, அதாவது 75 அடி கதவா வந்து வீட்டையே மூடிட்டு நிக்கும். இன்ஸ்யூனிட்ஸ் செட்டிங்கை டிராயிங்குல இன்ச்சுன்னும், பிளாக் ஃபைல்ல மில்லிமீட்டர்னும் குறிச்சு வெச்சுட்டா தானா சுருங்கி வரும். இன்செர்ட் பண்றப்ப யூனிட் இல்லன்னா "எந்த அளவு?"ன்னு ஒரு கேள்வி கேட்டாலே போதும், கேக்க மாட்டேங்குது.

ஃபைல் கனமாகறது எல்லாருக்கும் வர்ற பிரச்சனை. 2 எம்பி பிளான், சோபா, கார், மரம்னு நாலு பிளாக் வெளிய இருந்து காப்பி பண்ணதும் 38 எம்பி ஆயிடுச்சு, ஜூம் பண்ணா திக்குது. வேண்டாததை நீக்கற சாதா பர்ஜ் கமாண்டு போட்டா ஒண்ணும் குறையாது. மைனஸ் போட்டு பர்ஜ் அடிச்சு ரெஜாப்ஸ்ங்கறதை (வேற சாஃப்ட்வேருங்க விட்டுட்டு போன பதிவுங்க) தேர்ந்தெடுத்து சுத்தம் பண்ணுங்க, அப்புறம் ஃபைல்ல தப்பு தேடற ஆடிட், அப்பவும் குறையலன்னா தேவையானதை மட்டும் செலக்ட் பண்ணி டபிள்யூபிளாக் கமாண்டுல புது ஃபைலா எழுதிடுங்க. எனக்கு 3 எம்பிக்கு வந்துச்சு.

ஹேட்ச் (தரை, சுவருக்குள்ள நிரப்பற கோட்டு டிசைன்) விழ மாட்டேங்குதுன்னா மூலை சேரலயான்னு மட்டும் பாக்காதீங்க, டிராயிங் எங்க உக்காந்துருக்குன்னும் பாருங்க. சர்வேயர் குடுக்கற ஃபைல் நிஜ கோஆர்டினேட்டுல இருக்கும், எங்க ஊரு பக்கம் வடக்கு மதிப்பு சுமார் 12.5 லட்சம் மீட்டர், மில்லிமீட்டர்ல மாத்தினா 125 கோடி, அவ்வளவு பெரிய எண்ணுல சின்ன டைல்ஸ் ஹேட்ச் கோணலா வரும், இல்ல வரவே வராது. பிளானை காப்பி எடுத்து பூஜ்யத்துக்கு பக்கத்துல நகர்த்தி வெச்சு வரையுங்க, எவ்வளவு நகர்த்துனீங்கன்னு ஷீட்டு ஓரத்துல எழுதி வைங்க.

மிச்சம் சின்னது. இரட்டை வீட்டுக்கு மிரர் அடிச்சா எழுத்தும் திரும்பிடுது, மிர்ர்டெக்ஸ்ட் செட்டிங்கை 0 ஆக்குங்க. பிரிண்ட்டுல மஞ்சள் கோடு மங்கலா வந்தா பிளாட் ஸ்டைல் (பிரிண்ட் செட்டிங்) மோனோகுரோம்ல, அதாவது எல்லா கோடும் கறுப்பா வர்ற மாதிரி, இல்லன்னு அர்த்தம், ஜெராக்ஸ் கடைக்கு எப்பவும் பிடிஎஃப்பா குடுங்க, டிடபிள்யூஜியா குடுத்தா அங்க இருக்கற செட்டிங்ல தான் விழும். ஆட்டோசேவ் 30 நிமிஷத்துல இருந்துச்சு, கரண்டு போற ஊருல அது ரொம்ப அதிகம், 5 நிமிஷம் ஆக்கிட்டேன். அந்த ஆட்டோசேவ் ஃபைலும் டெம்ப் ஃபோல்டருக்குள்ள எங்கயோ போயி ஒளிஞ்சுக்குது, பிளான் இருக்கற ஃபோல்டர்லயே போட சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்?

வாங்கலாமான்னா, வீட்டு பிளான் போடறவங்க வாங்கலாம், குடுத்த காசுக்கு வேலை நடக்குது. ஆனா ட்ரையல் நாள்ல சும்மா நாலு கோடு போட்டு பாத்துட்டு காசு கட்டாதீங்க. உங்க பழைய பிளான்லயே ரொம்ப கனமான ஒண்ணை திறங்க, ஒரு சர்வே ஃபைலை திறங்க, மூணு ரூமுக்கு டைமென்ஷன் போட்டு கூட்டிப் பாருங்க, தெற்கு, மேற்கு, சமையலறை, கொல்லைன்னு நாலு வார்த்தை யூனிகோட்ல அடிச்சு ஸ்கிரீன்ல பாத்ததோட விடாம பேப்பர்ல பிரிண்ட் எடுத்துப் பாருங்க. கொம்பு எடம் மாறி விழுந்தா நீங்களும் அந்தந்த கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்க, சாம்பிள் ஃபைலோட. நான் அனுப்புன ஃபைல் வேணும்னா தர்றேன்.