மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறை: எங்கள் ரோபோவுக்கு டிஃபரன்ஷியல் செய்து வாங்கிய அனுபவம்

புதுச்சேரியில் மாணவர் ரோபோ குழு வைத்திருப்பவர்கள் கியர் வெட்ட இடம் தேடினால், நான் கைகாட்டுவது மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குள் இருக்கும் ஒரு சின்ன லேத் பட்டறையைத்தான். வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. ஆட்டோ கியர் பாக்ஸ் வேலை பார்க்கிற லேத் எது என்று பேட்டைக்குள் கேட்டால் காட்டிவிடுவார்கள். ஒரு லேத், ஒரு பழைய மில்லிங் மெஷின், ஒரு டிரில்லிங் மெஷின், பட்டறைக்காரரான அண்ணனும் ஒரு உதவியாளரும். அவ்வளவுதான் பட்டறை.

எங்கள் தேவை இது: போட்டி விதிப்படி ஓட்டத்துக்கு ஒரே மோட்டார். முன்சக்கரம் திரும்பும், பின் அச்சு தள்ளும். பின்சக்கரங்களுக்கு நடுவே 400 மி.மீ. இடைவெளி. 1 மீட்டர் ஆரத்தில் திரும்பும்போது வெளிச்சக்கரம் 1.2 மீட்டர் ஆரத்திலும் உள்சக்கரம் 0.8 மீட்டர் ஆரத்திலும் ஓட வேண்டும். அதாவது வெளிச்சக்கரம் ஒன்றரை மடங்கு வேகம். இரண்டையும் ஒரே ஷாஃப்டில் பூட்டினால் டயர் தரையில் தேய்த்துக்கொண்டே திரும்பும், மோட்டார் கரண்ட் எகிறும். எனவே ஒரே மோட்டாரிலிருந்து இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு, அதாவது டிஃபரன்ஷியல். எங்கள் அளவுக்குத் தயாராகக் கிடைத்தவை பொம்மைக் காருக்கானவையாகவோ, ரொம்ப கனமானவையாகவோ இருந்தன.

கூம்பு வடிவ பெவல் கியரை சாதாரண மில்லிங்கில் சுத்தமாக வெட்டுவது கஷ்டம் என்பதால், நேர்ப்பல் கியரை வைத்தே டிஃபரன்ஷியல் வரைந்திருந்தோம். சக்கர ஷாஃப்டில் வரும் சைடு கியருக்கு 24 பல், நடுவில் சுற்றும் கியர்களுக்கு 16 பல், மாட்யூல் (பல்லின் பருமனைக் குறிக்கும் அளவு) 1. அண்ணன் டிராயிங்கை மேஜையில் விரித்து ரொம்ப நேரம் பார்த்தார். “ஏம்மா, எல்லாத்தையும் இருபது பல்லா வெச்சா என்ன?” என்றார். கேட்டதில் விஷயம் இருந்தது. 16 பல்லுக்கு ஒரு கட்டர், 24 பல்லுக்கு வேறு கட்டர். 20 பல் என்றால் 3ஆம் நம்பர் கட்டர் ஒன்றே ஆறு கியருக்கும் போதும். 20 டிகிரி அழுத்தக் கோணத்தில் (பல் பக்கத்தின் சாய்வு) 17 பல்லுக்குக் கீழே போனால் பல்லின் வேர் குடைந்து மெலிந்துபோகும், அந்தத் தொல்லையும் இல்லை. கியரைச் சம பாகமாகத் திருப்பித் தரும் டிவைடிங் ஹெட் 40க்கு 1 விகிதம், ஆகவே ஒவ்வொரு பல்லுக்கும் கைப்பிடியை இரண்டு முழுச் சுற்று சுற்றினால் சரி, துளைத் தட்டில் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே டிராயிங்கை மாற்றினோம்.

அடுத்து சைடு கியரை ஷாஃப்டோடு ஒரே துண்டாகக் கடையச் சொன்னதும் அவர்தான். 20 பல் கியரின் வேர் விட்டம் 17.5 மி.மீ. அதில் 12 மி.மீ. துளை போட்டு, ஷாஃப்டோடு பூட்டும் சாவிக்கான பள்ளமும் (கீவே) வெட்டினால் சுவரில் என்ன மிஞ்சும்? ஒன்றாகக் கடைந்தபோது அந்தக் கவலையே போய்விட்டது.

வேலையின் சுத்தத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கியர்களை நடுவில் தாங்கும் இரண்டு அலுமினியத் தட்டுகளையும் சேர்த்துப் பிடித்து, ஊசிப் பின்களுக்கான துளைகளை ஒரே பிடியில் போட்டார். தனித்தனியாகப் போட்டிருந்தால் இம்மியளவு விலகினாலும் பின் சாய்ந்து கியர் பிடித்துக்கொள்ளும். மைய தூரம் கணக்குப்படி 20 மி.மீ. பல்லுக்குப் பல் கொஞ்சம் ஆட்டம் வேண்டும் என்று 0.05 கூட்டி வைத்தார். நடுக் கியர்களுக்குள் கன்மெட்டல் புஷ் (உள்வளையம்) போட்டுக் கொடுத்தார். 6001 பேரிங்குக்கான 28 மி.மீ. குழியில் பேரிங்கைக் கட்டை விரலால் அழுத்தியபோது சத்தமில்லாமல் உட்கார்ந்தது. பல் ஓரத்துப் பிசிறைக்கூட அரத்தால் எடுத்துத்தான் தந்தார்.

பூட்டி முடித்ததும் அந்தத் தட்டுகளும் கியர்களும் சேர்ந்த நடுக்கூட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு ஷாஃப்டைத் திருப்பினேன். மற்றது அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் சுற்றியது. அந்த நிமிடம் குழுவில் எல்லோரும் மாறி மாறி வாங்கித் திருப்பிப் பார்த்தோம்.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்கு வேலை கிடைக்காது. ஆட்டோ ஓட்டுகிறவர் வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் நின்றால் அவர் வேலைக்குத்தான் முதலிடம். அது நியாயம்தான், ஆனால் போட்டி நெருங்கும்போது வயிறு கலங்கும். வெப்பப் பதம் ஏற்றும் வசதி இங்கே இல்லை, வெளியே கொடுக்க வேண்டும். நாங்கள் இஎன்8 இரும்பை அப்படியே பயன்படுத்தினோம், எங்கள் சுமைக்கு அது தாங்குகிறது. கையால் எழுதிய ரசீதுதான் தருவார். கல்லூரிக் கணக்குப் பிரிவில் ஜிஎஸ்டி பில் கேட்டால் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

கூலி ரூ. 4,500. இரும்பும் அலுமினியமும் பேரிங்கும் எங்கள் செலவு. ஆறு கியரும் நடுக்கூடும் சேர்த்து இந்த விலை என்றால் எனக்கு நிறைவு.

ஓட்டத்தில் எப்படி? திருப்பத்தில் டயர் கீச்சிடுவது நின்றுவிட்டது. சரிவுப் பலகையில் ஏறும்போது மட்டும் ஒரு பின்சக்கரம் தூக்கினால் அதுவே வெறுமனே சுழலும், மற்றது நிற்கும். சாதாரண டிஃபரன்ஷியலின் இயல்பு அது. இரண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்குவிசைதான் போகும், தூக்கிய சக்கரத்துக்கு எதிர்ப்பே இல்லாததால் இந்தப் பக்கமும் ஒன்றும் வராது. அண்ணனிடம் சொன்னதும் சைடு கியருக்குப் பின்னால் பித்தளை வாஷரும் அதன் மேல் ஸ்பிரிங் போல அழுத்தும் அலை வாஷரும் வைத்து லேசாக இறுக்கிப் பார்க்கச் சொன்னார். அந்த உராய்வே சரிவுக்குப் போதுமானதாக இருந்தது. கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுத் திறந்தபோது வாஷர் தேய்ந்திருந்தது, பல்லில் குழி எதுவும் இல்லை. வாஷர் மாற்றுவது சில்லறைச் செலவு.

போகிறவர்கள் டிராயிங்கைப் பெரிய தாளில் அச்செடுத்துக்கொண்டு போங்கள், செல்போன் திரையில் காட்டினால் பார்க்க மாட்டார். டிராயிங் முடிவாவதற்கு முன்பே ஒருமுறை போய்ப் பேசிவிடுங்கள். காலையில் போனால் பேச நேரம் இருக்கும், மதியத்துக்கு மேல் ஆட்டோக்கள் வரிசையில் நிற்கும்.