புதிய தொற்றா, புதிய கண்டறிதலா: எந்த எண்ணைப் பார்ப்பது?

ஒரு வட்டாரத்தில் எச்.ஐ.வி. கூடுகிறதா, குறைகிறதா என்று பார்க்க இரண்டு எண்கள் உண்டு: அந்த ஆண்டு புதிதாகத் தொற்றியவர்கள் (தொற்று), அந்த ஆண்டு புதிதாகத் தெரியவந்தவர்கள் (கண்டறிதல்). பலர் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

எப்படிக் கிடைக்கிறது: கண்டறிதல், பரிசோதனையில் தெரியவந்தவர்களை எண்ணியது. தொற்று, கணக்குப் போட்டு மதிப்பிட்டது.

வேகம்: கண்டறிதல் சீக்கிரம் வரும். மதிப்பீடு தாமதம், பழைய ஆண்டுகளின் எண்ணையும் திருத்துவார்கள்.

ஏமாற்றும் இடம்: 2020-இல் கொரோனாவால் பல நாடுகளில் பரிசோதனை குறைந்தது, கண்டறிதலும் சரிந்தது. தொற்று குறைந்ததென்று அர்த்தமில்லை. அப்புறம், இன்று தெரியவந்தவருக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொற்றியிருக்கலாம். மதிப்பீட்டுக்கோ, தரவு குறைந்த இடங்களில் பிழை வரம்பு பெரிது.

வட்டாரங்களை ஒப்பிட மதிப்பீடுதான் சரி. 2010-க்குப் பிறகு ஆப்பிரிக்காவின் கிழக்கு, தெற்குப் பகுதிகளில் புதிய தொற்று பாதிக்கும் மேல் குறைந்தது. கிழக்கு ஐரோப்பா, மத்திய ஆசியாவில் கூடியது. இந்த ஆண்டு எத்தனை பேருக்கு சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதற்குக் கண்டறிதல் எண் போதும்.