பின் கண்ணாடி மாற்றப் போய் ஏமாந்த கதை: சொகுசு எஸ்யூவி வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

சென்னையில் சொகுசு எஸ்யூவி வைத்திருப்பவர்களும், அத்தகைய வண்டியைப் பழையதாக வாங்கி ஓட்டுபவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். பின் கண்ணாடியை மாற்ற ஒரு கடைக்கு 34,000 ரூபாய் கொடுத்தேன். அந்த வேலையால் வண்டிக்கு உண்டான கேட்டைச் சரிசெய்ய 2,36,000 ரூபாய், அதாவது ஏறத்தாழ ஏழு மடங்கு, செலவாயிற்று. புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் நடந்தவற்றில் எதையும் மறைக்கவில்லை, நான் செய்த தவறுகள் உட்பட.

2024 செப்டம்பர் முதல் வாரத்தில், எங்கள் குடியிருப்பின் தோட்டத்தில் இயந்திரத்தால் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது தெறித்த சிறு கல் ஒன்று, நிறுத்தியிருந்த என் வண்டியின் டிக்கிக் கண்ணாடியில் பட்டது. சுண்டைக்காய் அளவுகூட இல்லாத கல்தான். ஆனால் கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. முன் கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டப்பட்டது என்பதால், கல் பட்டால் விரிசல் விடுமே தவிர விழாது. பின் கண்ணாடியோ பெரும்பாலான வண்டிகளில் சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து உறுதியேற்றிய ஒற்றைத் தகடு. உடைந்தால் கூரிய சில்லுகளாக இல்லாமல் கற்கண்டு போன்ற சிறு துண்டுகளாகச் சிதறும்படி செய்யப்பட்டது. ஆகவே பின் கண்ணாடியில் விரிசலை அடைத்துச் சமாளிக்கும் பேச்சுக்கே இடமில்லை, முழுக் கண்ணாடியையும் மாற்றித்தான் ஆகவேண்டும்.

ஜெர்மானியத் தயாரிப்பான அந்த வண்டிக்கு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேட்டபோது, கண்ணாடியும் வேலைக்கூலியும் வரியும் சேர்த்து 88,000 ரூபாய் என்றும், கண்ணாடி வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் ஆகும் என்றும் சொன்னார்கள். மூன்று வாரம் பாலிதீன் தாளை ஒட்டிக்கொண்டு ஓட்டுவதை நினைத்தபோது மனம் ஒப்பவில்லை. நண்பர் ஒருவர் சொன்னதன்பேரில் கார் கண்ணாடிக் கடை ஒன்றை வாட்ஸ்அப்பில் தொடர்புகொண்டேன். "கம்பெனி கண்ணாடிதான் சார், ஒரிஜினல். ஒரு வருஷம் வாரண்டி. காலையில விட்டா மதியம் எடுத்துக்கலாம்" என்று கடைக்காரர் பதில் அனுப்பினார். 88,000 ரூபாய்க்கு விற்கும் பொருள் எப்படி 34,000 ரூபாய்க்குக் கிடைக்கும் என்ற கேள்வி எனக்கும் எழுந்தது. "சர்வீஸ் சென்டர்ல மூணு மடங்கு போடுவாங்க சார்" என்ற பதிலில் நான் திருப்தியடைந்துவிட்டேன். இன்று நினைத்தாலும் என்மீதே எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

வேலை நடந்த விதத்தை நான் அரைகுறையாகத்தான் பார்த்தேன். கண்ணாடி பதியும் கதவுச் சட்டத்தில் மிஞ்சியிருந்த பழைய பசையை ஓர் இளைஞர் உளியால் வேகமாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி எப்போது வந்தது, எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள் என்பது எதுவும் எனக்குத் தெரியாது. நான் தேநீர் அருந்திவிட்டுத் திரும்பியபோது கண்ணாடியைப் பொருத்தி, நாலு இடத்தில் டேப் ஒட்டியிருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துச் செல்லலாம் என்றார்கள். வீடு திரும்பும்போது வண்டிக்குள் வினிகர் போன்ற புளித்த வாடை அடித்தது. புதுப் பசையின் வாடை என்று எண்ணிக்கொண்டேன். அந்த வாடையே ஒரு முக்கியமான அறிகுறி என்பதை ஆறு வாரம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாளே குறைகள் தெரியத் தொடங்கின. எஃப்எம் வானொலியில் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. என் வண்டியில் வானொலியின் ஆண்டெனா பின் கண்ணாடியிலேயே மெல்லிய கோடுகளாகப் பதிக்கப்பட்டது, புதிய கண்ணாடியில் அந்தக் கோடுகளே இல்லை. பனி நீக்கும் டிஃபாகரை இயக்கிக் கையை வைத்துப் பார்த்தேன், கண்ணாடியின் மேல்பாதியில் உள்ள சூடேற்றும் கோடுகள் சூடேறவே இல்லை. பக்கக் கண்ணாடிகள் லேசான பச்சைச் சாயல் கொண்டவை, இதுவோ சாம்பல் நிறம். கடைக்காரரிடம் சொன்னபோது, சென்னையில் பனி ஏது, டிஃபாகர் எதற்கு என்று கேட்டார். அடைமழையில் ஏசி போட்டு ஓட்டும் எவரும் பின் கண்ணாடியில் படியும் ஈரத்தை அறிவார்கள். நிற வேறுபாட்டுக்கு அவர் சொன்ன தீர்வு இன்னும் மோசமானது: பின்பக்கக் கண்ணாடிகள் அனைத்துக்கும் இலவசமாகக் கறுப்பு ஃபிலிம் ஒட்டித் தருகிறாராம். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆம் விதிப்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை உள்ளே விட வேண்டும். 2012 ஏப்ரலில் கறுப்பு ஃபிலிம்களுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அந்த விதியை வைத்துத்தான். தன் குறையை மறைக்க வாடிக்கையாளரை அபராதத்தில் மாட்டிவிடத் துணிபவரிடம் வண்டியைக் கொடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

இவை எல்லாம் சிறு தொல்லைகள். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி இரண்டு நாள் கொட்டித் தீர்த்தபோதுதான் உண்மையான கேடு வெளிப்பட்டது. மூன்றாம் நாள் காலை வண்டி கிளம்பவில்லை. திரையில் ஒன்றன்பின் ஒன்றாக எச்சரிக்கைகள் வந்தன. டிக்கியைத் திறந்து தரை விரிப்பைத் தூக்கினால் அடியில் குளம்போல் தண்ணீர். பல ஜெர்மானிய வண்டிகளைப் போலவே என் வண்டியிலும் பேட்டரி இருப்பது முன்பக்கம் அல்ல, டிக்கியின் தரைக்கு அடியில். அதன் அருகிலேயே மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றும் இருக்கிறது. கண்ணாடியின் மேல் விளிம்பு வழியாக இறங்கிய மழைநீர் அங்கே போய்த் தேங்கியிருக்கிறது.

வண்டியை இழுத்துச் சென்று சர்வீஸ் சென்டரில் விட்டேன். அங்கிருந்த மூத்த தொழில்நுட்பர் கண்ணாடியைக் கழற்றும்போது என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். முறையாக ஒட்டிய கண்ணாடியை எடுப்பதற்கு அறுக்கும் கம்பியும் நல்ல உழைப்பும் வேண்டுமாம். இதுவோ சில நிமிடங்களில், ஏறக்குறைய தள்ளியதும், கையோடு வந்துவிட்டது. காரணம், ஒட்டியிருந்தது கார் கண்ணாடிக்கு உரிய பாலியூரித்தேன் பசை அல்ல, குளியலறை இடுக்குகளை அடைக்கப் பயன்படும் சாதாரண சிலிகான். அந்த வகைச் சிலிகான் உலரும்போது அசிட்டிக் அமிலம் வெளிப்படும். நான் முகர்ந்த வினிகர் வாடை அதுதான். அந்த அமிலம் பூச்சில்லாத இரும்பை அரிக்கும். உளியால் சுரண்டியபோது பெயின்ட் போய் இரும்பு தெரிந்த இடங்களில் பிரைமர் பூசவே இல்லை. ஆறே வாரத்தில் சட்டத்தின் ஓரம் நெடுகச் செந்துரு பூத்திருந்தது.

சரியான முறை என்ன என்பதையும் அவரே விளக்கினார். பழைய பசையை அடியோடு சுரண்டக் கூடாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீராகச் செதுக்கிவிட்டு, அதன்மேலேயே புதிய பாலியூரித்தேனை ஒரே கோடாக, இடையில் அறாமல் இட வேண்டும். எங்காவது இரும்பு தெரிந்தால் அதற்குரிய பிரைமரைத் தடவி உலரவிட வேண்டும். கண்ணாடியின் கறுப்பு ஓரத்தையும் துடைத்துத் தயார்செய்ய வேண்டும். ஒருமுறை சிலிகான் பட்டுவிட்ட இடத்தில் பாலியூரித்தேன் சரியாகப் பிடிக்காது என்பதால், என் வண்டியில் அதன் சுவடே இல்லாமல் நீக்கி, துருவை எடுத்து, சட்டத்துக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்த பிறகே கண்ணாடியை ஒட்ட முடிந்தது. அதற்கு மட்டும் 21,000 ரூபாய். கண்ணாடிக்கு அதே 88,000. பேட்டரி, கட்டுப்பாட்டுப் பெட்டி, விரிப்பு ஆகியவற்றுக்கு 1,27,000.

இன்னொன்றையும் அவர் காட்டினார். டிக்கிக் கதவின் உட்புற அட்டையைக் கழற்றியபோது உடைந்த பழைய கண்ணாடித் துண்டுகள் ஒரு பிடிக்கு மேல் அங்கே கிடந்தன. தண்ணீர் வடிவதற்காகக் கதவின் அடியில் உள்ள துளைகளை அவை அடைத்திருந்தன. மேலே கசிவு, கீழே வடிகால் அடைப்பு. கதவைத் திறந்து மூடும்போது கேட்ட கலகலச் சத்தத்துக்கும் காரணம் அதுவே. உட்புற அட்டையைக் கழற்றித் தூசு உறிஞ்சியால் சுத்தம் செய்யாமல் புதுக் கண்ணாடியை ஒட்டுபவர் பாதி வேலைகூடச் செய்யவில்லை என்றே நான் சொல்வேன்.

நான் பார்த்திருக்க வேண்டிய, பார்க்கத் தவறிய ஒன்றை இப்போது சொல்கிறேன். ஒவ்வொரு கார் கண்ணாடியின் மூலையிலும் ஒரு முத்திரை இருக்கும். வண்டியுடன் வந்த கண்ணாடியானால் கார் நிறுவனத்தின் சின்னமும் கண்ணாடி செய்தவரின் பெயரும் அதில் இருக்கும். இந்தியத் தரநிலைக்கு உட்பட்டதானால் ஐஎஸ்ஐ குறியும் ஐஎஸ் 2553 என்ற எண்ணும் காணலாம். ஐரோப்பிய ஒப்புதல் பெற்றதானால் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும், பக்கத்தில் '43ஆர்' என்பதும் இருக்கும். வட்டத்துக்குள் உள்ள எண் ஒப்புதல் அளித்த நாட்டைக் குறிக்கிறது, 1 என்றால் ஜெர்மனி. கண்ணாடி அந்த நாட்டில்தான் செய்யப்பட்டது என்று அதற்குப் பொருளில்லை. எனக்குப் பொருத்திய கண்ணாடியின் மூலையில் 'ஒரிஜினல்' என்று மின்னும் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அதை உரித்தபோது அடியில் எந்தச் சின்னமும், எந்த எண்ணும் இல்லை. ஒட்டுவதற்கு முன் பக்கக் கண்ணாடியின் முத்திரையோடு ஒப்பிட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். வேறு நிறுவனம் செய்த கண்ணாடி எல்லாமே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. முத்திரை உள்ள, தரமான, விலை குறைந்த கண்ணாடிகள் உண்டு. ஆனால் அது இன்னது என்று சொல்லி விற்க வேண்டும், வாங்குபவர் கண்ணால் பார்த்த பிறகே ஒட்ட வேண்டும். உங்கள் வண்டியின் கண்ணாடி உடைந்தால் சிதறிய துண்டுகளில் முத்திரை உள்ளதைத் தேடி எடுத்து வையுங்கள், நான் எல்லாவற்றையும் கூட்டிக் குப்பையில் கொட்டிவிட்டேன். அதோடு, வண்டியின் 17 இலக்கச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து உதிரிபாகப் பிரிவில் கேட்டால், ஆண்டெனா உள்ளதா, எந்தச் சாயல் என்பதெல்லாம் சேர்ந்த சரியான பாக எண்ணைச் சொல்லிவிடுவார்கள். ஒரே மாடலுக்குப் பல வகைப் பின் கண்ணாடிகள் இருக்கக்கூடும்.

காப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். "கிளைம் போட்டா நோ கிளைம் போனஸ் போயிடும் சார்" என்று, கிளைம் செய்யாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியைக் காட்டிக் கடைக்காரர் சொன்னதை நம்பி, நான் பாலிசியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வழக்கமான முழுக் காப்பீட்டில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், கண்ணாடிக்கு அந்தக் கழிவு கிடையாது. 1,500 சிசிக்கு மேற்பட்ட காருக்குக் உரிமையாளரே ஏற்க வேண்டிய கட்டாயத் தொகை 2,000 ரூபாய். என் பாலிசியில் நோ கிளைம் போனஸைப் பாதுகாக்கும் கூடுதல் பிரிவும் இருந்தது, அதற்காக ஆண்டுதோறும் பணம் கட்டி வந்திருக்கிறேன். அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, சர்வேயர் பார்த்த பிறகு வேலையைத் தொடங்கியிருந்தால் என் கையிலிருந்து சில ஆயிரம்தான் போயிருக்கும். பிறகு தண்ணீர்ச் சேதத்துக்காக விண்ணப்பித்தபோது, அது தவறான பழுதுபார்ப்பின் விளைவு என்று கூறி மறுத்துவிட்டார்கள். அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை.

கடைக்காரரிடம் திரும்பப் போனபோது, மழைக்குத் தான் பொறுப்பில்லை என்றார், பிறகு தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். அவர் கொடுத்திருந்தது ஜிஎஸ்டி எண் இல்லாத ஒரு துண்டுச் சீட்டு. அதில் 'கண்ணாடி வேலை' என்பதற்கு மேல் எதுவும் இல்லை. என்னைக் காப்பாற்றியவை இரண்டு: 'ஒரிஜினல்' என்றும் 'ஒரு வருஷம் வாரண்டி' என்றும் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், பணம் சென்றதற்கான யுபிஐ பதிவு. பணமாகக் கொடுத்தால் ஆயிரம் ரூபாய் குறைப்பதாக அவர் சொன்னபோது கையில் பணம் இல்லாதது என் நல்ல நேரம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் பதிவு செய்தேன், கடையிலிருந்து பதில் வரவில்லை. பின்னர் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை.

சர்வீஸ் சென்டரில் இரண்டாம் முறை கண்ணாடி ஒட்டிய பிறகு வண்டியை மறுநாள்தான் கொடுத்தார்கள். ஒரு நாள் முழுவதும் ஒரு பக்கக் கண்ணாடியைச் சற்றே இறக்கி வைக்கும்படியும், இரண்டு நாளுக்குத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டாம் என்றும் சொன்னார்கள். எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினால் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் முழுதாக இறுகாத பசையைத் தள்ளிவிடுமாம். முதல் கடையில் இதில் ஒரு சொல்லையும் யாரும் சொல்லவில்லை.

கழற்றிய கண்ணாடியை என்ன செய்வது என்று தொழில்நுட்பர் கேட்டார். தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஸ்டிக்கரும், ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிலிகானும் அப்படியே இருக்க, பழைய போர்வையில் சுற்றி மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆணையம் நிபுணரிடம் அனுப்பிச் சோதிக்கச் சொன்னால் அதைத்தான் முதலில் கொண்டுபோய் வைப்பேன்.